பத்திரத்துல முழு விலையை எழுதப் போய் நான் பட்ட பாடு

மதுரை பக்கத்துல நாகமலை புதுக்கோட்டையில எங்க அப்பா 1991ல அஞ்சு சென்ட் இடம் வாங்கி, மில்லு வேலையில வந்த காசுல கொஞ்சம் கொஞ்சமா ஒரு வீடு கட்டுனாங்க. 2021ல அப்பா தவறிட்டாங்க. அம்மாவால அந்த பெரிய வீட்டுல தனியா இருக்க முடியல, முட்டு வலி வேற, நான் வேலை பாக்குற ஸ்கூல் ஊருக்குள்ள இருக்கு, தம்பி சென்னையில, தங்கச்சி திண்டுக்கல்ல. சரி வித்துட்டு அம்மாவுக்கும் எனக்கும் டவுனுக்குள்ள சின்னதா ஒரு ஃப்ளாட் வாங்கிக்கலாம், மிச்சத்தை பங்கு பிரிச்சுக்கலாம்னு 2024ல முடிவு பண்ணோம். வாரிசு சான்றிதழ், பட்டா மாத்துறது எல்லாம் நான்தான் அலைஞ்சு முடிச்சேன். அதுவரைக்கும் ஒரு பிரச்சனையும் இல்ல. நான் சொல்லப் போறது அதுக்கப்புறம் நடந்தது. அப்போ யாராவது ஒருத்தர் என்னைய உக்கார வச்சு சொல்லியிருந்தா இவ்வளவு பேர் காயப்பட்டிருக்க மாட்டாங்க, அதுக்காகத்தான் எழுதுறேன்.

ஜூன் மாசம் புரோக்கர் ஒருத்தர் ஒரு பார்ட்டியை கூட்டிட்டு வந்தாரு, கடை வச்சிருக்கவர், நல்ல மனுஷன், பேரம் பேசி 62 லட்சத்துக்கு முடிஞ்சுச்சு. அப்போ புரோக்கர் சாதாரணமா சொன்னாரு, "டீச்சர், அரசாங்கம் வச்ச கைடுலைன் மதிப்புப்படி 34 லட்சம் சொச்சம் வருது, பத்திரத்துல 35 போட்டுக்குவோம், மிச்சம் 27 கையில கொடுத்துருவாங்க". நான் தலையாட்டினேன். உண்மையைச் சொல்லணும்னா அந்த நேரத்துல எனக்கு அது பொய்னே தோணல, ஊர்ல வீடு வித்த சொந்தக்காரங்க அத்தனை பேரும் அப்படித்தான் செஞ்சிருக்காங்க, சர்ச்சுல முன் வரிசையில உக்காருறவங்களும்தான். கைடுலைன் வேல்யூக்கு குறையாம வரி கட்டுறோம்ல, அப்புறம் என்ன தப்புன்னு ஒரு எண்ணம். 35 லட்சம்னு எழுதின அக்ரிமெண்ட்ல கையெழுத்து போட்டேன், அட்வான்ஸ் 3 லட்சம் வாங்கினேன், அதுல 50 ஆயிரம் பேங்க்ல, ரெண்டரை லட்சம் ரொக்கம். ஆடியில பத்திரம் வேணாம், ஆவணி பொறக்கவும் முடிச்சுக்கலாம்னு அவங்க சொன்னாங்க. அட்வான்ஸ்ல பாதிக்கு மேல அம்மாவோட முட்டு ஆபரேஷனுக்கு போயிருச்சு.

ஆகஸ்ட் ரெண்டாவது வாரம் பத்திரம் எழுதுறவர் வீட்டுக்கே வந்து எங்களுக்கு டிராஃப்ட் படிச்சு காட்டுனாரு. முடிச்சிட்டு அம்மாகிட்ட, "அம்மா, பதிவு ஆபீஸ்ல சார் எவ்வளவுக்கு வித்தீங்க, பணம் வந்துருச்சானு கேப்பாரு, 35, வந்துருச்சுனு சொல்லிருங்க, அவ்வளவுதான்" அப்படின்னாரு. அம்மாவுக்கு 74 வயசு, அதுவரைக்கும் இந்த கணக்கு எதுவும் அவங்களுக்கு நான் சொல்லல. அவரு போனதுக்கப்புறம் அம்மா கேட்டாங்க, "ஏம்மா, 62ன்னுதானே சொன்ன, நான் ஏன் 35னு சொல்லணும்?" நான் விளக்கினேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "சப்பீராள்கிட்ட பேதுரு இதைத்தானே கேட்டாரு, நிலத்தை இவ்வளவுக்குத்தான் வித்தீங்களான்னு" அப்படின்னாங்க. கோபமா சொல்லல, என்னைய திட்டவும் இல்ல, எழுந்து சமையக்கட்டுக்குள்ள போயிட்டாங்க.

இருபது வருஷமா சர்ச்சு ஓய்வுநாள் பாடசாலையில பிள்ளைகளுக்கு நான் சொல்லிக் கொடுக்குற பைபிள் கதை அது. அனனியாவும் அவர் மனைவி சப்பீராளும் நிலத்தை வித்து, விலையில ஒரு பங்கை மறைச்சு வச்சுட்டு, இதுதான் மொத்த விலைன்னு அப்போஸ்தலர் முன்னாடி நின்னாங்க. பேதுரு அனனியாகிட்ட, வித்ததுக்கப்புறமும் அந்தப் பணம் உன் வசத்துலதானே இருந்துச்சு, ஏன் பொய் சொன்னேன்னுதான் கேக்குறாரு. பணத்தை வச்சுக்கிட்டது குத்தமில்ல, விலையை மாத்திச் சொன்னதுதான் குத்தம். பிள்ளைகளுக்கு எத்தனையோ தடவை இதை விளக்கியிருக்கேன், என் கையில ஒரு விலைப் பத்திரம் வர்ற வரைக்கும் அது என் கதைன்னு எனக்கு தோணவே இல்ல. அந்த ராத்திரி தூக்கம் வரல. பயம்னு சொல்ல மாட்டேன், வெக்கம். ரெண்டு மாசமா நான் ஒரு பொய்க்குள்ள நிம்மதியா தூங்கியிருக்கேனேங்கற வெக்கம்.

மறுநாள் ஒரு ஆடிட்டரை போய் பாத்தேன், தெரிஞ்சவங்க வழியா. அவர்கிட்ட கேட்டப்பறம்தான் சில விஷயம் புரிஞ்சுச்சு, இது விக்கிற வாங்குற எல்லாருக்கும் உபயோகப்படும்னு சொல்றேன். கைடுலைன் வேல்யூங்கறது அரசாங்கம் அதுக்கு கீழ போகக் கூடாதுன்னு வச்ச கோடு, அது விலை கிடையாது. முத்திரைச் சட்டம் 27ம் பிரிவு, கைமாறுற தொகையை முழுசா உண்மையா எழுதணும்னு சொல்லுது. கைடுலைனுக்கு மேல எழுதினா ஆபீஸ்ல யாரும் தடுக்க மாட்டாங்க, எது அதிகமோ அதுக்கு கட்டணம் போடுவாங்க, அவ்வளவுதான். இன்னொண்ணு, சொத்து விக்கிறதுக்கு 20 ஆயிரம் ரூபாயோ அதுக்கு மேலயோ ரொக்கமா வாங்கவே கூடாது, வாங்கினா வாங்கின தொகை அளவுக்கு அபராதம் போடலாம். நான் ஏற்கனவே ரெண்டரை லட்சம் வாங்கி வச்சிருந்தேன். அதைக் கேட்டப்போ கை காலெல்லாம் நடுங்குச்சு. திருப்பிக் கொடுக்குறதும் பேங்க் வழியாத்தான் கொடுக்கணும்னாரு.

சர்ச்சுல ஒரு பெரியவர், கமிட்டியில இருக்கவர், அவர்கிட்ட மனசு விட்டு சொன்னேன். "சர்ப்பத்தைப் போல வினாவுள்ளவங்களா, புத்தியா இருக்கணும்மா, இதெல்லாம் உலக நடைமுறை, தசமபாகத்தை ஒழுங்கா கொடுத்துருங்க" அப்படின்னாரு. அந்த வசனத்துல அடுத்தாப்லயே புறாவைப் போல கபடில்லாம இருக்கணும்னும் இருக்குல்ல ஐயான்னு கேக்க வாய் வந்துச்சு, கேக்கல. அவர் மேல எனக்கு கோபம் இல்ல, அவர் சொன்னதைத்தான் ரெண்டு மாசமா நானும் எனக்குள்ள சொல்லிக்கிட்டு இருந்தேன். ஆனா அன்னிக்கு வீட்டுக்கு வர்ற பஸ்ல, காளவாசல் தாண்டறதுக்குள்ள, இந்த விஷயத்துல எனக்கு யாரும் இல்லங்கறது தெளிவா தெரிஞ்சுபோச்சு.

இங்கதான் நான் பெரிய தப்பு பண்ணேன், இதை வாசிக்கிறவங்க தயவு செஞ்சு நிதானமா கவனிங்க. உண்மை பேசணும்னு முடிவு எடுத்தது சரி. ஆனா நான் அதை ஒரே நாள்ல, யார்கிட்டயும் கலந்துக்காம, எனக்கு மனசு லேசாகணுங்கற அவசரத்துல செஞ்சேன். தம்பி தங்கச்சிகிட்ட கூட சொல்லாம நேரா புரோக்கருக்கு போன் பண்ணி, முழு விலைக்குத்தான் பத்திரம், முழுப் பணமும் பேங்க்லதான்னு சொல்லிட்டேன். சாயங்காலமே வாங்குறவர் அவர் வீட்டம்மாவோட வந்துட்டாரு. 62க்கு எழுதினா முத்திரைத்தாள் 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம், 5 லட்சத்து 58 ஆயிரம் வரும், 35க்குன்னா 3 லட்சத்து 15 ஆயிரம். வித்தியாசம் 2 லட்சத்து 43 ஆயிரம். அதை வேணா நான் பாதி ஏத்துக்கறேன்னு சொன்னேன். அவருக்கு பிரச்சனை அது இல்ல, 27 லட்சத்தை ரொக்கமாத்தான் வச்சிருந்தாரு, அதுல 10 லட்சம் ரெண்டு வட்டிக்கு வாங்கினது, மாசம் 20 ஆயிரம் வட்டி ஓடிக்கிட்டு இருக்கு. அவர் சத்தம் போடல. "டீச்சர், இதை அட்வான்ஸ் வாங்குறதுக்கு முன்னாடி சொல்லியிருந்தீங்கன்னா நான் வேற வீடு பாத்திருப்பேன்ல, உங்க சாமி அன்னிக்கு ஒண்ணும் சொல்லலையா?" அப்படின்னு கேட்டாரு. அவங்க வீட்டம்மா கண்ணுல தண்ணி.

என்கிட்ட பதில் இல்ல. இப்பவும் இல்ல. நான் சொன்னது உண்மைதான், ஆனா ரெண்டு மாசம் லேட்டா சொன்னேன், அந்த ரெண்டு மாசத்துக்கு விலை கொடுத்தது அவர். அதனால, உண்மையா நடக்கணும்னு நினைக்கிறவங்க முதல் பேச்சுலயே, வீட்டை காட்டும்போதே, "முழு விலைக்கு பத்திரம், ரொக்கம் கிடையாது, சம்மதம்னா மேல பேசுவோம்"னு சொல்லிருங்க. பத்து பேர்ல எட்டு பேர் போயிருவாங்க, போகட்டும், காயமில்லாம போவாங்க. அட்வான்ஸ் வாங்கினதுக்கப்புறம் மனசாட்சி முழிச்சா அப்பவும் உண்மையைத்தான் சொல்லணும், ஆனா அந்த நஷ்டம் உங்களோடதுங்கறதை ஏத்துக்கிட்டு சொல்லுங்க.

நான் 3 லட்சத்தையும் திருப்பிக் கொடுத்தேன். அவர் ரொக்கமாத்தான் வேணும்னாரு, ரொம்ப கெஞ்சினதுக்கப்புறம் வீட்டம்மா அக்கவுண்ட்ல போடச் சொன்னாரு. கையில இருந்தது போக மிச்சத்துக்கு என் வளையல், அம்மா செயின் எல்லாத்தையும் பேங்க்ல அடகு வச்சேன். ரெண்டு மாச வட்டி 40 ஆயிரம் தனியா கொடுத்தேன், அக்ரிமெண்ட்ல அப்படி ஒரு கண்டிஷனும் இல்ல, ஆனா கொடுக்காம இருந்தா எனக்கு சோறு இறங்கியிருக்காது. புரோக்கருக்கு 20 ஆயிரம். அக்ரிமெண்ட்டை கேன்சல் பண்ணி ரெண்டு பக்கமும் கையெழுத்து வாங்கி வச்சுக்கிட்டேன், இதை யாரும் மறந்துறாதீங்க, வாய் வார்த்தையா கேன்சல்னு விட்டா நாளைக்கு அந்த பேப்பரே வம்பா வந்து நிக்கும்.

அதைவிட வலிச்சது வீட்டுக்குள்ள நடந்தது. கிறிஸ்தவங்களுக்கு இந்திய வாரிசுச் சட்டப்படி அம்மாவுக்கு மூணுல ஒரு பங்கு, மிச்ச ரெண்டு பங்கு பிள்ளைகளுக்கு சமமா. அதாவது தம்பிக்கும் தங்கச்சிக்கும் அந்த வீட்டுல என் அளவுக்கே உரிமை இருக்கு. அவங்களை கேக்காம நான் முடிவு எடுத்துட்டேன். தம்பி போன்ல, "அக்கா, நீ பரிசுத்தமா இருக்குறதுக்கு நாங்க ஏன் காசு கட்டணும்?"னு கேட்டான். தங்கச்சி மூத்த பொண்ணுக்கு காலேஜ் ஃபீஸ் கட்ட இந்தப் பணத்தை நம்பி இருந்தா. நான் அவகிட்ட பொறுமையா பேசியிருக்கணும், அதுக்கு பதிலா வசனமா சொன்னேன். பொய் உதடுகள் கர்த்தருக்கு அருவருப்புன்னு ஆரம்பிச்சு அவளை ஒரு குற்றவாளி மாதிரி நிக்க வச்சுட்டேன். முந்தின வாரம் வரைக்கும் நானும் அதே பொய்யிலதான் இருந்தேன், அதை மறந்துட்டேன். அவ போனை வச்சுட்டா, நாலு மாசம் பேசல. அன்புடன் சத்தியத்தைக் கைக்கொள்ளணும்னு பவுல் எபேசியருக்கு எழுதினதுல அந்த முதல் வார்த்தையை நான் தூக்கிப் போட்டுட்டேன். கூட்டுச் சொத்துன்னா முதல்ல எல்லாரையும் உக்கார வச்சு, என் மனசாட்சி இப்படி சொல்லுது, இதனால உங்க பங்குல இவ்வளவு குறையும், அதுல நான் இவ்வளவு தாங்கிக்கறேன்னு எண்ணிக்கையோட பேசுங்க. வசனம் அப்புறம்.

செப்டம்பர், அக்டோபர், நவம்பர் மூணு மாசம் ஒண்ணும் நடக்கல. வந்தவங்க எல்லாம் முழு வெள்ளைன்னு கேட்டதும் போயிட்டாங்க. சில புரோக்கர்க, "டீச்சர் வீடா, அது முடியாதுப்பா"ன்னு பேச ஆரம்பிச்சுட்டாங்க. ஆண்டவர்கிட்ட எனக்கு கோபம் வந்துச்சு, அதை ஏன் மறைக்கணும். உமக்காகத்தானே செஞ்சேன்னு அழுதிருக்கேன். பிரசங்கத்துல உண்மை பேசினா ஆசீர்வாதம்னு கேக்கும்போதெல்லாம் எழுந்து வெளிய போயிரலாமான்னு இருக்கும். அந்த நாட்கள்ல என்னைய பிடிச்சு வச்சது அம்மாவோட முகம்தான், அவங்க ஒரு நாள் கூட ஏன் இப்படி பண்ணோம்னு கேக்கல. ராத்திரி வேதத்துல எரேமியா நிலம் வாங்குற அதிகாரத்தை சத்தமா வாசிச்சாங்க ஒரு தடவை, பதினேழு சேக்கல் வெள்ளியை தராசுல நிறுத்து, சாட்சி வச்சு, பத்திரம் எழுதி, மண்பாண்டத்துல போட்டு வைக்கிற இடம். அதுவும் எருசலேமை பகைவன் முற்றுகை போட்டிருக்கப்போ. "பாரு, எவ்வளவுன்னு எழுதியே வச்சிருக்காரு"ன்னாங்க.

டிசம்பர்ல ஒரு விஷயம் புரிஞ்சுச்சு, இதை முன்னாடியே யாராவது சொல்லியிருந்தா மூணு மாசம் மிச்சம். ரொக்கம் வச்சிருக்கவங்களை தேடக் கூடாது, ஹோம் லோன் போடுறவங்களைத்தான் தேடணும். சம்பளக்காரங்களுக்கு கருப்புப் பணம் கிடையாது, பத்திரத்துல குறைச்சு எழுதினா பேங்க் லோனும் அதுக்கேத்த மாதிரி குறையும், மிச்சத்தை ரொக்கமா புரட்ட அவங்க திண்டாடுவாங்க. முழு விலை எழுதறது அவங்களுக்குத்தான் லாபம். ஸ்கூல்லயும் தெரிஞ்ச பேங்க்காரங்க கிட்டயும் சொல்லி வச்சேன், ரெண்டு வாரத்துல ஒரு சின்ன வயசு தம்பதி வந்தாங்க, ரெண்டு பேரும் வேலை பாக்குறவங்க. அவங்களால 62 முடியாது, பேசிப் பேசி 58 லட்சத்து 50 ஆயிரத்துக்கு வந்துச்சு.

அப்போ கூட வந்த புரோக்கர் மெதுவா, போர்வெல் விஷயம் சொல்லிறாதீங்கன்னாரு. எங்க வீட்டு போர்ல சித்திரை வைகாசியில தண்ணி வத்திரும், லாரித் தண்ணிதான். பத்திரத்துல உண்மையை எழுதுறதுக்கு இவ்வளவு பட்டுட்டு தண்ணியில பொய் சொல்றதா? அந்த பொண்ணுகிட்ட நேரா சொன்னேன், வெயில் காலத்துல ரெண்டு மாசம் தண்ணி வாங்க வேண்டி வரும்மா, பின்பக்க சுவத்துல ஒரு வெடிப்பு இருக்கு, வந்து பாருங்கன்னு. ஒன்றரை லட்சம் குறைச்சு கேட்டாங்க. 57க்கு முடிஞ்சுச்சு. இந்த ஒன்றரை லட்சம் மட்டும் எனக்கு ஏனோ வலிக்கவே இல்ல.

பேப்பர் வேலையில ஒரு சில விஷயம் சொல்லிறேன். விலை 50 லட்சமோ அதுக்கு மேலயோன்னா வாங்குறவங்க 1 சதவீதம் டிடிஎஸ், அதாவது நம்ம வரிக்குன்னு முன்கூட்டியே, பிடிச்சு அரசாங்கத்துக்கு கட்டணும், நாங்க விக்கிறவங்க நாலு பேருங்கறதால நாலு பான் நம்பருக்கும் தனித்தனியா. அம்மாவுக்கு பான் கார்டே இல்ல, அதுக்கு ஒரு மாசம் ஓடிப் போச்சு, பான் இல்லன்னா 20 சதவீதம் பிடிப்பாங்க, அதனால விக்கணும்னு நினைச்ச அன்னிக்கே எடுத்து ஆதாரோட இணைச்சுருங்க. லாபத்துக்கு வரி, 2024 ஜூலை 23ல இருந்து வித்ததுக்கு 12.5 சதவீதம் வருது, பழைய சொத்தா இருந்தா பணவீக்கத்தை கழிச்சு 20 சதவீதம்ங்கற கணக்கையும் போட்டு எது கம்மியோ அதை எடுத்துக்கலாம். 2001க்கு முன்னாடி வாங்கினதுன்னா 2001 ஏப்ரல் 1ல என்ன மதிப்போ அதை அடக்கவிலையா வச்சுக்கலாம், எங்களுக்கு நாலு லட்சம்னு வந்துச்சு. ரெண்டு வருஷத்துக்குள்ள வேற வீடு வாங்கினா வரிவிலக்கு இருக்கு, அம்மாவும் நானும் எங்க பங்கை சேத்து 29 லட்சத்துக்கு பழைய ஃப்ளாட் ஒண்ணு வாங்கினோம், அதையும் முழு விலைக்குத்தான் பதிஞ்சோம், அதனால எங்களுக்கு வரி வரல. பயந்த அளவுக்கு வரி பூதம் இல்லங்கறது எனக்கு அப்போதான் தெரிஞ்சுச்சு, ஊர்ல யாரும் இந்தக் கணக்கை உக்காந்து போட்டே பாக்குறதில்ல.

வீடு வாங்காததால தம்பிக்கு ஒன்றரை லட்சம் வரி வந்துச்சு, தங்கச்சிக்கு ஒரு லட்சத்து பதினாலாயிரம். தங்கச்சி வரியை நான் பி.எஃப். லோன் போட்டு கட்டினேன். முடிவு என்னோடது, அவ பொண்ணு ஃபீஸ்ல கை வைக்க எனக்கு உரிமை இல்ல. தம்பி தானே கட்டிக்கிட்டான், இன்னமும் சொல்லிக் காட்டுவான்.

பிப்ரவரியில பதிவு. ஆபீஸ்ல கூட்டம், அம்மா வாக்கரை பிடிச்சுக்கிட்டு நின்னாங்க. எவ்வளவுக்கு வித்தீங்கம்மான்னு கேட்டதும் அம்மா, "57 லட்சம், பூரா பேங்க்ல வந்துருச்சு"ன்னு அந்த ரூம்ல எல்லாரும் திரும்பிப் பாக்குற மாதிரி சத்தமா சொன்னாங்க.

ஈஸ்டருக்கு அப்புறம் சர்ச்சுல சாட்சி சொல்லச் சொல்லி கேட்டாங்க. ரொம்ப தயங்கினேன். சாட்சின்னா எல்லாரும் எதிர்பாக்குறது, உண்மையா நடந்தேன், கர்த்தர் ரெண்டு மடங்கா கொடுத்தாருங்கறதுதான். எனக்கு ரெண்டு மடங்கு வரல. 62 ஆயிருக்க வேண்டியது 57 ஆச்சு, 60 ஆயிரம் கையை விட்டுப் போச்சு, நகை வட்டி, பி.எஃப். லோன், எட்டு மாசம். இதை மாத்திச் சொன்னா அது திரும்பவும் விலையை மாத்திச் சொல்றதுதானே, அதுவும் இந்த தடவை ஆண்டவர் பேர்ல. அதனால கணக்கை அப்படியே சொன்னேன், அந்த கடைக்காரர் கேட்ட கேள்வியையும் சொன்னேன், தங்கச்சியை காயப்படுத்தினதையும் சொன்னேன். ராத்திரி தூக்கம் வருதுன்னு சொன்னேன், அது உண்மை. கூட்டத்துல அல்லேலூயா ஒண்ணும் பெருசா வரல. முடிஞ்சு வெளிய வந்தப்போ ஒரு தம்பி, கல்யாண வயசுல இருப்பான், ஓரமா கூப்பிட்டு "ஆன்ட்டி, நாங்க ஒரு இடம் வாங்கப் போறோம், அந்த ஆடிட்டர் நம்பர் கிடைக்குமா"ன்னு கேட்டான். கொடுத்தேன்.

தங்கச்சி ஜனவரியிலேயே பேச ஆரம்பிச்சுட்டா, அம்மாவோட மாத்திரை பேர் கேக்கத்தான் முதல்ல போன் பண்ணா, நான் மன்னிச்சுக்கடின்னு சொன்னேன், சரி விடுக்கான்னா. அம்மா செயினை மீட்டாச்சு. என் வளையல் ரெண்டும் இன்னும் பேங்க்லதான் இருக்கு, கிறிஸ்மஸுக்குள்ள எடுத்துறலாம்னு பாக்குறேன்.